இரும்பு நகரில் நான்கு நாள்

இந்தியாவுக்குப் போகிறோம் என்று சொன்னால், நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தெந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள்?" என்பதுதான். பழனி, மதுரை, இராமேஸ்வரம், திருப்பதி என்று நாமும் பட்டியலை ஒப்பிப்போம். திரும்பி வரும்போது விபூதிப் பொட்டலமும் பட்டுச் சேலையும் பெட்டியில் இருக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் வாசகர்களை அழைத்துப் போகும் ஊர் அந்தப் பட்டியலில் வராது. அங்கே பாடல் பெற்ற தலம் கிடையாது, கடற்கரை கிடையாது. ஓர் இரும்பாலை இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு நகரம் இருக்கிறது. ஆனாலும், தோட்டத்தில் பிறந்து, லயத்து வீட்டில் வளர்ந்து, பெரட்டுச் சத்தத்தில் கண் விழித்த நம்மைப் போன்றவர்கள் அவசியம் பார்க்கவேண்டிய ஊர் அது என்பேன். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

ஊரின் பெயர் ஜாம்ஷெட்பூர். கிழக்கு இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கிறது. டாடா நகர் என்றும் சொல்வார்கள்.

ஒரு கிராமம், இரண்டு பாதை

அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உறவுதான் காரணம். என் தாத்தா நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி மலாயாவுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர். அவருடைய தம்பி சில ஆண்டுகள் கழித்து ரயிலேறி வடக்கே இரும்பாலை வேலைக்குப் போனவர். அந்தச் சின்னத் தாத்தாவின் மகன் எனக்குச் சித்தப்பா முறை. அவரும் அதே ஆலையில் வேலை செய்து, அறுபது வயதில் ஓய்வு பெற்று, இன்று எழுபத்தாறு வயதில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார். கடிதத்திலும் பிறகு கைத்தொலைபேசியிலும் தொடர்ந்த உறவை நேரில் பார்த்துவிடுவோம் என்று, 2023 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நானும் கணவரும் மகனும் கிளம்பினோம். என் கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்பவர். கோயிலைவிட ஆலை பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை.

கோலாலம்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு விமானம். அங்கே ஹவுரா நிலையத்தில் ரயில். டாடா நகர் சுமார் 250 கிலோமீட்டர். கரக்பூர் வரையில் வயலும் குளமுமாக வங்காளத்துச் சமவெளி. ஜார்கிராம் வந்ததும் மண் சிவக்கிறது. இரு பக்கமும் சால மரக்காடு. இலைகளைத் தைத்துத் தட்டாக்கி விற்கிறார்கள். காட்சிலாவைத் தாண்டினால் மலைகள் எட்டிப் பார்க்கின்றன. டாடா நகர் நிலையத்தில் இறங்கும்போது மாலை வெயில். டிசம்பர் மாதக் குளிர் நம் கேமரன் மலைக் குளிர்போல உடம்பில் ஏறியது.

நிலையத்தில் சித்தப்பா காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "எங்க பெரியப்பா சாடை அப்படியே இருக்கும்மா உனக்கு!" இந்தி வாடை கலந்த தமிழ். ஆனால் நாமக்கல் மண்வாசனை போகவில்லை.

காட்டில் எழுந்த ஊர்

சுவர்ணரேகா, கர்காய் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கிறது ஜாம்ஷெட்பூர். வடக்கே தல்மா மலை. அங்கே யானைகள் உண்டு. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் சாக்சி என்ற சிற்றூர். சுற்றிலும் காடு, ஆதிவாசி மக்களின் குடிசைகள். ரயில் நிலையத்துக்குக் காளிமாட்டி என்று பெயர்.

ஜாம்ஷெட்ஜி டாடா என்ற பார்சி முதலாளி இந்தியாவில் ஓர் உருக்காலை கட்டவேண்டும் என்று கனவு கண்டார். 1902-ஆம் ஆண்டில், ஆலைக்கு இடம்கூட முடிவாகாத நேரத்தில், தம் மகன் தோராப்ஜிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். ஆலையைப் பற்றியல்ல, ஆலையில் வேலை செய்யப்போகிறவர்கள் குடியிருக்கும் ஊரைப் பற்றி. அகலமான சாலைகள் வேண்டும், விரைவில் நிழல் தரும் மரங்களை நடவேண்டும், பூங்காவுக்கும் புல்வெளிக்கும் இடம் விடவேண்டும், பந்து விளையாடத் திடல் வேண்டும், இந்துக் கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1904-இல் அவர் இறந்துவிட்டார். ஆலையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. 1907-இல் நிறுவனம் தொடங்கியது. 1912 பிப்ரவரியில் முதல் உருக்கு வார்க்கப்பட்டது. முதல் உலகப் போரில் இந்த ஆலையின் தண்டவாளங்கள் பெரிதும் உதவியதால், 1919-இல் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு பிரபு நேரில் வந்து சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார்.

மறுநாள் காலை சித்தப்பா எங்களைச் சுற்றிக் காட்டினார். சாக்சி, பிஷ்டுபூர், கத்மா, சோனாரி என்று வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள். சாலை ஓரம் முழுக்க மரங்கள். கத்மா பக்கம் தட்சிண பாரத் மகிளா சமாஜம் என்ற தென்னிந்திய மாதர் சங்கத்தார் நடத்தும் பள்ளிக்கூடத்தைக் கண்டபோது, ஆசிரியை என்ற முறையில் என் மனம் நிறைந்தது. தெற்கிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் நடத்தும் அளவுக்கு வேரூன்றியிருக்கிறார்கள்!

ஜூபிலி பூங்கா 200 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. ஆலையின் ஐம்பதாண்டு நிறைவுக்காக ஊர் மக்களுக்குக் கொடுத்த பரிசு. 1958 மார்ச்சு முதல் தேதி நேரு திறந்து வைத்தார். மைசூர் பிருந்தாவனத் தோட்டத்தின் சாயலில் நீரூற்றுகளும் ரோஜாத் தோட்டமும் அமைந்திருக்கின்றன. நாங்கள் போன மாலையில் ஆலை உடுப்போடு ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு மகளுக்கு ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருந்தார். அருகிலேயே கார்க்காரக் குடும்பம் ஒன்று பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. துரை கிளப்புக்கு ஒரு வேலி, கூலி லயத்துக்கு ஒரு வேலி என்று பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் காட்சியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

சட்டம் வருமுன் வந்தவை

மூன்றாம் நாள் பிஷ்டுபூரில் உள்ள ருஸ்ஸி மோடி மையத்துக்குப் போனோம். ஆலையின் பழைய படங்களும் செய்திகளும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. சம்பளத்துக்கு மேலே இந்த ஆலை தன் தொழிலாளருக்கு என்னென்ன கொடுத்தது, எந்த ஆண்டில் கொடுத்தது, அதையே இந்திய அரசு எப்போது சட்டமாக்கியது என்ற விவரம் எனக்குப் பெரும் பாடமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுவதுபோல் இங்கே தருகிறேன்.

எட்டு மணி நேர வேலை: ஆலையில் 1912, சட்டத்தில் 1948.

இலவச மருத்துவம்: ஆலையில் 1915, தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் 1948.

சம்பளத்தோடு விடுமுறை: ஆலையில் 1920, சட்டத்தில் 1948.

சேமநிதி: ஆலையில் 1920, சட்டத்தில் 1952.

பிரசவ உதவி: ஆலையில் 1928, இந்தியா முழுமைக்குமான சட்டம் 1961.

லாபத்தில் பங்காக போனஸ்: ஆலையில் 1934, சட்டத்தில் 1965.

ஓய்வுக்காலப் பணிக்கொடை: ஆலையில் 1937, சட்டத்தில் 1972.

இவற்றோடு, தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கு 1917-இலேயே ஏற்பாடு. வேலைப் பயிற்சிக்கு 1921-இல் தொழிற்கல்விக் கூடம். நம் நாட்டில் ஊழியர் சேமநிதி 1951-இல் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சின்னத் தாத்தா வேலை செய்த ஆலை, அதற்கு முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்பே சேமநிதியைத் தொடங்கிவிட்டது.

"இதெல்லாம் தர்மமா சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தர்மமும் உண்டும்மா, கணக்கும் உண்டு. காட்டுக்குள்ளே உலை போட்டா எவன் வந்து நிப்பான்? வந்தவன் ஊருக்கு ஓடாம இருக்கணுமே. வேலை பழகினவன் ஒருத்தன் போயிட்டா, அந்த இடத்துக்கு இன்னொருத்தனைப் பழக்க எத்தனை நாளாகும்? வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் கிடைச்சா மனுஷன் வேர் விடுவான். ஆலைக்கும் லாபம், ஆளுக்கும் லாபம்."

இந்தக் கணக்கை ஜாம்ஷெட்ஜி அதற்கு முன்பே நாகபுரியில் போட்டுப் பார்த்திருக்கிறார். 1877-இல் அங்கே எம்ப்ரஸ் மில் என்ற துணி ஆலையைத் தொடங்கினார். ஆள்கள் சரியாக வேலைக்கு வருவதில்லை. நூறு பேரில் இருபது பேர் வரமாட்டார்கள். வேறு முதலாளியாக இருந்தால் அபராதம் போட்டிருப்பார். இவரோ எதிர்வழியில் போனார். ஒழுங்காக வருகிறவர்களுக்குப் பரிசு, விளையாட்டு நாள், குடும்ப நாள் என்று ஏற்படுத்தினார். 1886-இல் ஓய்வூதிய நிதி. 1895-இல் விபத்துக்கு இழப்பீடு. வெப்பமான ஆலைக்குள் காற்றோட்டத்துக்கும் ஏற்பாடு செய்தார். அதாவது, ஆள் ஏன் வரவில்லை என்று முதலில் யோசித்தார். உடம்புக்கு முடியாமல் வரவில்லையா, ஊர் நினைவில் போய்விட்டானா, இங்கே வந்து என்ன கண்டோம் என்ற சலிப்பா? காரணத்துக்கு ஏற்ற மருந்து கொடுத்தார்.

ஆசிரியர்களுக்கு இது புரியும். பிந்தி வரும் பிள்ளையை வெயிலில் நிறுத்தினால் மறுநாள் அவன் பள்ளிக்கே வரமாட்டான்.

கேட்டுப் பெற்றதும் உண்டு

ஆனால் எல்லாவற்றையும் முதலாளி தாமாகவே தட்டில் வைத்து நீட்டினார் என்று எழுதினால் அது பாதி உண்மையாகிவிடும். சித்தப்பா தொழிற்சங்கத்தில் இருந்தவர். அந்த மறுபாதியை அவர்தான் சொன்னார்.

1920-இல் ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆண்டில்தான் ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சம்பளத்தோடு விடுமுறையும் சேமநிதியும் வந்ததும் அதே ஆண்டுதான் என்பதை மேலே உள்ள பட்டியலில் பாருங்கள். 1922-இல் மறுபடியும் வேலைநிறுத்தம். காந்தியடிகளின் நண்பரான சி.எஃப். ஆண்ட்ரூஸ் இந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1925-இல் காந்தியடிகளே ஜாம்ஷெட்பூருக்கு வந்தார். 1928-இல் ஆள்குறைப்பை எதிர்த்துப் பல மாதம் நடந்த போராட்டத்தில் தலைமை ஏற்க வந்தவர் யார் தெரியுமா? நம் பாட்டன்மார் மலாயாவில் பார்த்துக் கைகூப்பிய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்! தோட்டத்துப் பெண்கள் தாலிக்கொடியைக்கூடக் கழற்றிக் கொடுத்த அந்தத் தலைவர், அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊர்த் தொழிலாளர்களின் சங்கத் தலைவர்.

"சண்டை போட்டோம், அப்புறம் உட்கார்ந்து பேசக் கத்துக்கிட்டோம்" என்றார் சித்தப்பா. 1956-இல் சங்கமும் நிர்வாகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி, பகுதிதோறும் இரு தரப்பாரும் சேர்ந்து உட்காரும் குழுக்கள் அமைந்தன. குடிநீர், உணவுக்கூடம், பாதுகாப்பு, வேலைமுறை எல்லாம் அங்கே பேசப்பட்டன. தொழிலாளிக்கு என்ன வேண்டும் என்பதைத் தொழிலாளியிடமே கேட்பது என்ற பழக்கம் அப்படித்தான் ஊன்றியது.

ஒரு கடிகாரமும் ஒரு வீடும்

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் நினைவு சொந்த வீட்டுக்குத் திரும்பியது.

என் அப்பா ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். இப்போது அந்தப் பெயரில் தோட்டமும் இல்லை. நீண்டகாலச் சேவையைப் பாராட்டி, ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு, அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். படமும் எடுத்தார்கள். அடுத்த மாதமே கிராணி வந்து, வேலை முடிந்துவிட்டதால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று தாள் கொடுத்துவிட்டுப் போனார். கடிகாரம் கிடைத்தது, அதை மாட்டச் சுவர் இல்லை. பட்டணத்தில் வாடகை வீடு பார்க்கும் வரையில் அது அம்மாவின் சேலைக்குள் சுற்றியபடி பெட்டியில் கிடந்தது.

கடிகாரம் கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு எது வேண்டும் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "இன்னும் இரண்டு வருஷம் வீட்டில் இருக்க விடுங்கள், பையன் படிப்பு முடியட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார். அதற்கு ஆகும் செலவு கடிகாரத்தைவிட அதிகமாக இருந்திருக்குமோ என்னவோ. அதன் மதிப்பு மட்டும் நூறு மடங்கு.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "இங்கேயும் ஓய்வு பெற்றால் கம்பெனி வீட்டைக் கொடுத்திடணும்மா. நானும் கொடுத்தேன். ஆனா அதுக்குள்ளே சேமநிதியும் பணிக்கொடையும் கையிலே வந்தது. ஆத்துக்கு அந்தப் பக்கம் மாங்கோவிலே இந்த வீட்டைக் கட்டிக்கிட்டேன். எனக்கும் சித்திக்கும் காய்ச்சல்னா இன்னைக்கும் அந்த ஆஸ்பத்திரிதான்" என்றார்.

ஒரே கிராமத்தில் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் மகனுக்கு ஒரு கடிகாரம். தம்பி மகனுக்கு ஒரு வீடு கட்டும் வழி. உழைப்பில் யார் குறைந்தவர்? அதிகாலை நான்கரை மணிக்கு நெற்றி விளக்கோடு காட்டுக்குள் போன என் அப்பா, உலைச் சூட்டில் நின்ற சித்தப்பாவுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் அல்லர்.

நிழலும் இருக்கிறது

ஜாம்ஷெட்பூரைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆலைக்காக நிலம் எடுக்கப்பட்டபோது, அங்கே முன்பிருந்தே வாழ்ந்த ஆதிவாசி மக்கள் இடம் பெயர்ந்தார்கள். 1990-களில் உலகப் போட்டி வந்தபோது ஆள்குறைப்பும் வந்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த ஆலையில், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதிப்பேர்தாம் மிஞ்சினார்கள். முன்கூட்டியே விலகியவர்களுக்கு மாதாமாதம் பணம் தரும் திட்டம் இருந்தது என்பது ஆறுதல். ஆனால் அப்பாவுக்குப் பின் மகன் என்று இருந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது.

சித்தப்பாவின் மூத்த பேரன் அதே ஆலைக்குள்தான் வேலை செய்கிறான். ஆனால் குத்தகைக்காரர் மூலம். அதே வாயில், அதே வெப்பம். தாத்தாவுக்குக் கிடைத்த வீடும் இல்லை, பணிக்கொடைக் கணக்கும் அந்த மாதிரி இல்லை. "அட்டை வேற நிறம், பாட்டி" என்று அவன் சித்தியிடம் சொல்லிச் சிரித்தான். சித்தி சிரிக்கவில்லை.

இதை நாமும் அறிவோம். நம் தோட்டங்களில் குத்தகை ஆள் முறை வந்தபோது, செய்கிற வேலை மாறவில்லை. கிடைத்துவந்த உரிமைகள்தாம் மாறின. இன்று நம் செம்பனைக் காடுகளில் குலை அறுக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இருந்தாலும் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. 2021 மே மாதத்தில், கொரோனா நோய் இந்தியாவை உலுக்கியபோது, டாடா ஸ்டீல் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நோயினால் இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு, அவர் உயிரோடிருந்தால் அறுபது வயதை எட்டும் காலம் வரையில் அவருடைய கடைசிச் சம்பளம் தொடரும். மருத்துவ வசதியும் வீட்டு வசதியும் தொடரும் என்பதே அது. வீட்டுத் தலைவன் போன பிறகு "எப்போது காலி செய்கிறீர்கள்?" என்று கேட்கப்பட்ட குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்த அறிவிப்பின் கனம் தெரியும்.

மூன்று கேள்விகள்

திரும்பும் ரயிலில் நானும் கணவரும் நெடுநேரம் பேசினோம். சம்பளம் முக்கியந்தான். நம் நாட்டில் 2013-இல் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் என்று தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025-இல் 1,700 ரிங்கிட்டாகியிருக்கிறது. அதுவே போதாது என்பது சமையலறையில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். சம்பளத்துக்குப் பதிலாகப் பரிசு கொடுத்தால் அது ஏமாற்று. முறையான சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலே கொடுப்பதுதான் பரிசு. அந்த மேல்வரும்படியை எடைபோட எங்களுக்கு மூன்று கேள்விகள் கிடைத்தன.

முதல் கேள்வி: இது தாளில் இருக்கிறதா, துரையின் மனத்தில் இருக்கிறதா? தீபாவளிக்கு ஒரு துரை பிஸ்கட் டின் கொடுப்பார். அடுத்த துரை கொடுக்கமாட்டார். விதியாக எழுதி, கையெழுத்தாகி, எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது நமக்குச் சொந்தம். நம் தோட்டப் பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது. ஒரு கொட்டகையும், ஓய்வு நேரத்தில் பாடம் சொல்லும் கிராணியுமாக அது தொடங்கிய இடங்கள் பல. ஆனாலும் சட்டத்தில் எழுதப்பட்டதால், பிடித்துத் தொங்க நமக்கு ஒரு கிளை கிடைத்தது. இன்று நான் நின்று பாடம் நடத்தும் வகுப்பறை அந்தக் கிளையில் காய்த்த காய்தான்.

இரண்டாம் கேள்வி: பெறுகிறவரைக் கேட்டுக் கொடுக்கிறார்களா? பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வேண்டியது ஓய்வு. 1955-ஆம் ஆண்டின் நம் வேலைச் சட்டம் 60 நாள் பிரசவ விடுமுறை தந்தது. 2023 ஜனவரி முதல் அது 98 நாளாகியிருக்கிறது. வயதானவருக்கு வேண்டியது மருந்து. படிக்கும் பிள்ளைக்கு வேண்டியது பேருந்துக் காசு, மாலை வகுப்பு, புத்தகம். இளைஞனுக்கு வேண்டியது லாரி ஓட்டும் உரிமமோ, வெல்டிங் பயிற்சியோ. எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் பாதிப்பேருக்குப் பொருந்தாது.

மூன்றாம் கேள்வி: வேலை போனால் இதுவும் போய்விடுமா? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. வேலையோடு ஒட்டிய வீடு, வேலையோடு போய்விடும். சேமநிதி நம்மோடு வரும். பிள்ளை பெற்ற கல்வி நம்மோடு வரும். கற்ற தொழில் நம்மோடு வரும். கொடுத்தால் இப்படிப்பட்டதைக் கொடுங்கள் என்று கேட்கவேண்டும்.

இந்த மூன்றாம் கேள்விக்கு விடை தேடித்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவில் நின்ற காலம் அது. மாதம் பத்து வெள்ளி கட்டி, தொழிலாளர்களே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆகலாம் என்று அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. முதலாளி கொடுக்கக் காத்திராமல் தாமே சேர்த்துக்கொண்ட பரிசு அது. ஜாம்ஷெட்பூரில் இதைச் சொன்னபோது சித்தப்பா வியந்து போனார். "பரவாயில்லையே, எங்களுக்குப் பங்கு போனஸ்லே, உங்களுக்குப் பங்கு மண்ணிலேயே!" என்றார்.

வாசகர்களே, இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டுவிட்டோம். நம் பிள்ளைகள் சுங்கை பட்டாணியிலும் பிறையிலும் கிள்ளானிலும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். வேலைக்குச் சேரும் நாளில் "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். மருத்துவ அட்டை யார் யாருக்குச் செல்லும், சேமநிதியை ஒழுங்காகக் கட்டுகிறார்களா, சொக்சோவில் பெயர் இருக்கிறதா, வேலை கற்றுத் தருகிறார்களா, விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கும் தாளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஒரு முறை உரக்கப் படித்துப் பாருங்கள். புரியாத இடத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். எங்களுக்கு அதுவும் வேலைதான்.

வசதி உள்ளவர்கள் ஒரு முறை ஜாம்ஷெட்பூர் போய்வாருங்கள். மார்ச்சு 3-ஆம் தேதி ஜாம்ஷெட்ஜியின் பிறந்த நாள். அந்தச் சமயத்தில் பூங்கா முழுக்க விளக்கு அலங்காரம் செய்வார்கள். பட்டணத்தின் பக்கத்திலேயே டிம்னா ஏரி இருக்கிறது; பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை மறவாதீர்கள். இரவில் ஆலைப் பக்கத்து வானம் சிவந்து தெரியும். அந்த வெளிச்சத்தில் வேலை செய்கிறவன் என்னென்ன கேட்டு வாங்கியிருக்கிறான், இன்னும் என்னென்ன கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.